பின்விளக்குக்கே முதல் செலவு

கேள்வி: ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடித்து இரவு பத்தரைக்குப் பழைய டைனமோ சைக்கிளில் ஊர் திரும்புகிறேன். முன்விளக்கு மங்கலாக எரிகிறது. பின்விளக்குக்கு மூன்று பல்பு மாற்றிவிட்டேன், ஒவ்வொன்றும் இரண்டே நாளில் பியூஸ். டைனமோ போய்விட்டதா?
– ஆம்பூர் வாசகர்

பதில்: டைனமோ மீது சந்தேகம் வேண்டாம். பின்பல்பை எரித்துப் போடுகிற அளவுக்கு அது வேலை செய்கிறது. கோளாறு முன்விளக்குக்குப் போகும் பாதையில் இருக்கிறது.

பழைய டைனமோ 6 வோல்ட், 3 வாட். அதில் முன்பல்புக்கு 2.4 வாட், பின்பல்புக்கு 0.6 வாட் என்று கணக்கு. இரண்டும் சேர்ந்து இழுத்தால்தான் வோல்ட் 6-ஐ ஒட்டி நிற்கும். முன்விளக்கின் இணைப்பில் துரு ஏறி அது குறைவாக இழுத்தால் வோல்ட் எகிறும். அந்தச் சுமை முழுக்கப் பின்னால் இருக்கிற சின்ன பல்பின் தலையில் விழும். முன்பல்பு பியூஸ் ஆன இரவிலேயே பின்பல்பும் போவது இதனால்தான்.

முதலில் முன்பல்பைக் கழற்றுங்கள். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்து, பல்பின் அடிப்பொட்டை டைனமோ முனையிலும், பக்கவாட்டு உலோகத்தை டைனமோ உடம்பிலும் படும்படி பிடியுங்கள். இன்னொருவர் சக்கரத்தைச் சுற்றட்டும். பளிச்சென்று எரிந்தால் டைனமோவும் பல்பும் நலம்.

அடுத்தது எர்த். டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரே ஒயர்தான் போகும். கரண்ட் திரும்பி வருவது சைக்கிள் பிரேம் வழியாக. டைனமோ பிடியில் கூர்முனை உள்ள திருகு ஒன்று இருக்கும். பெயின்டைக் கிழித்து இரும்பைத் தொடுவதற்காகவே அது. துருவோ புதிய பெயின்டோ இருந்தால் தொடாது. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து இரும்பு தெரிந்தபின் முடுக்குங்கள். டைனமோ பின்சக்கரத்தில் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: கரண்ட் ஹேண்டில்பார் கழுத்தின் பால்ரஸ், கிரீஸ் வழியாகத் திரும்ப வேண்டும். ஹேண்டிலைத் திருப்பும்போது விளக்கு சிமிட்டினால் காரணம் அதுவே. நிரந்தரத் தீர்வு, விளக்கின் உடம்பிலிருந்து டைனமோ உடம்புக்கு இரண்டாவது ஒயர் ஒன்றை இழுத்துவிடுவது. கழுத்தருகே ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள், இல்லாவிட்டால் திரும்பித் திரும்பி அறுந்துவிடும்.

டைனமோ நிற்கும் கோணத்தையும் பாருங்கள். அதன் அச்சில் ஒரு குச்சியை நீட்டினால் அது சக்கரத்தின் நடு அச்சை நோக்க வேண்டும். விலகியிருந்தால் டயரின் பக்கச்சுவரைத் தின்னும், மழையில் வழுக்கும்.

எல்லாம் சரி செய்தாலும் டைனமோவுக்கு ஒரு குறை உண்டு. நீங்கள் நின்றால் விளக்கும் நின்றுவிடும். ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது பின்னால் வருகிறவருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. ஆகவே பின்னால் பேட்டரியில் எரியும் சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்றைத் தனியாக மாட்டுங்கள். கையில் காசு குறைவாக இருந்தால் முதலில் வாங்க வேண்டியது அதுதான். முன்னால் இருக்கிற பள்ளத்தை மெதுவாகப் போயாவது சமாளிக்கலாம். முதுகுக்குப் பின்னால் வரும் வண்டியை நீங்கள் சமாளிக்க முடியாது.

கேள்வி: விடியற்காலை நான்கு மணிக்குப் பால் கேன் கட்டிக்கொண்டு போகிறேன். சீட்டுக்குக் கீழே விளக்கு வைத்தேன், கேன் மறைக்கிறது. ரேடியம் ஸ்டிக்கர் போதுமா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: சுமை ஏற்றும் சைக்கிளுக்குச் சீட்டு விளக்கு உதவாது. கேரியரின் கடைசிக் கம்பியில், சுமைக்கு வெளியே நீட்டி நிற்கும்படி மாட்டுங்கள். சுமையைக் கட்டி முடித்தபின் பத்தடி பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். கார்க்காரரின் கண் அந்த உயரத்தில்தான் இருக்கும்.

ரேடியம் என்று நாம் சொல்லும் ஸ்டிக்கர் தானாக ஒளிராது. தன்மேல் விழும் ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். லைட் போடாமல் வருகிற வண்டிக்கு அது இருந்தும் இல்லாததுதான். ஆகவே விளக்கோடு சேர்த்து வையுங்கள், விளக்குக்குப் பதிலாக அல்ல. லாரிகளில் ஒட்டும் தேன்கூட்டு வடிவ டேப்பாகக் கேளுங்கள். பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை. கேனைத் தினமும் கழுவுவதால் அதன்மேல் ஒட்டினால் உரிந்துவிடும். ஒரு சாண் அகலத் தகரத்தில் ஒட்டி, கேரியரின் பின்பக்கம் முடுக்கிவிடுங்கள். ஒட்டும் இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள். மண்ணெண்ணெயால் துடைத்தால் எண்ணெய்ப் பசை நின்றுவிடும். மூலைகளை வட்டமாக வெட்டினால் உரியாது. புழுதி படிந்தால் பாதி பலன் போய்விடும் என்பதால் வாரம் ஒருமுறை துடையுங்கள்.

பெடலின் மஞ்சள் ரிப்ளெக்டர் உடைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மேலும் கீழும் அசைகிற ஒளியைப் பார்த்ததும் ‘சைக்கிள்’ என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: ஹேண்டில்பாரில் பவர்ஃபுல் டார்ச் கட்டியிருக்கிறேன். எதிரே வருகிறவர்கள் திட்டுகிறார்கள். 9900 எம்.ஏ.எச். பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.
– சத்துவாச்சாரி வாசகர்

பதில்: திட்டுவதில் நியாயம் இருக்கிறது. கண் கூசினால் அவர் உங்கள் மீதே வந்து மோதலாம். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்துங்கள். டார்ச் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், ஒளியின் நடுப்பொட்டு சுவரில் அரை மீட்டர் உயரத்தில் விழ வேண்டும். அப்படி வைத்தால் ரோட்டில் 10 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் விழும். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் அது 2 வினாடி தூரம். அதற்கு மேல் வேகம் வேண்டாம். முன்விளக்கைச் சிமிட்ட விடாதீர்கள், பள்ளத்தின் ஆழம் தெரியாது.

பேட்டரி விஷயத்தில் ஏமாந்திருக்கிறீர்கள். 18650 அளவுள்ள ஒரு செல்லில் நல்ல தரத்திலேயே சுமார் 3500 எம்.ஏ.எச்.தான் அடங்கும். 9900 என்று அச்சடித்திருந்தால் அது பொய். வேலூர் வெயிலில் டார்ச்சைச் சைக்கிளிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள், கழற்றி உள்ளே எடுத்துச் செல்லுங்கள். உப்பிய செல்லைச் சார்ஜ் போடவே கூடாது.

கேள்வி: பைபாஸில் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் அரை கிலோமீட்டர் போகிறேன். விளக்கு இருக்கிறதே, பரவாயில்லையா?
– வாலாஜாபேட்டை வாசகர்

பதில்: கூடாது. நீங்கள் 15 கி.மீ. வேகத்திலும் எதிரே பைக் 50 கி.மீ. வேகத்திலும் வந்தால், 36 மீட்டர் இடைவெளி 2 வினாடியில் தீர்ந்துவிடும். ஒரே திசையில் போனால் அதே இடைவெளிக்குக் கிட்டத்தட்ட 3.7 வினாடி கிடைக்கும். தவிர, பின்விளக்கும் சிவப்பு டேப்பும் அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. அந்த அரை கிலோமீட்டர் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாக நடங்கள்.

கேள்வி: மழை நாளில் பிரேக் பிடிப்பதே இல்லை. கட்டை புதிதுதான்.
– காட்பாடி வாசகர்

பதில்: ஸ்டீல் ரிம் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு நன்றாக முன்பே பிரேக்கை லேசாகப் பிடித்துத் தண்ணீரை வழித்துவிட்டு, பிறகு அழுத்துங்கள். கட்டை ரிம்மைத் தொடுமுன் லீவர் ஹேண்டில்பாரை முட்டினால் கேபிளை இறுக்க வேண்டும்.