சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு பிக் டேட்டாவால் உண்மையில் லாபம் உண்டா?

உண்டு. பிக் டேட்டா என்றால் பெரிய அளவில் வந்து குவியும் தகவல்கள். ஆனால் 'பிக்' என்ற சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம். 2001-இல் டக் லேனி என்ற தகவல்துறை ஆய்வாளர் இதற்கு அளவு, வேகம், வகை என்று மூன்று அடையாளங்கள் சொன்னார். சிறு நிறுவனத்துக்கு அவ்வளவு பெரிய அளவு பெரும்பாலும் தேவைப்படாது. எக்செல் தாள் ஒன்றிலேயே 10,48,576 வரிசைகள் இருக்கின்றன. பலருடைய சில ஆண்டு பில்கள் அதற்குள் அடங்கிவிடும்.

பணம் இருப்பது அந்த பில்களில்தான். ஒவ்வொரு வாடிக்கையாளரும் கடைசியாக எப்போது வாங்கினார், எத்தனை முறை வாங்கினார், மொத்தம் எவ்வளவுக்கு வாங்கினார் என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதம் தவறாமல் வந்தவர் மூன்று மாதமாக வரவில்லை என்றால் உடனே கண்ணில் படும். அவருக்கு ஒரு போன் போட்டுப் பேசுவதற்கு ஆகும் செலவு, புது ஆளைத் தேடி விளம்பரம் செய்வதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அப்புறம் சரக்கு: ஆறு மாதமாக அசையாத பொருளில் உங்கள் முதல் முடங்கிக் கிடக்கிறது.

சரி, பெரிய மென்பொருள்? அதைப் பிறகு பார்க்கலாம். ஒரே வாடிக்கையாளர் மூன்று விதமான பெயரில் பதிவாகியிருந்தால் எந்தக் கருவியும் தப்பாகத்தான் கணக்குச் சொல்லும். முதலில் பதிவுகளைச் சுத்தம் செய்யுங்கள். போன் நம்பரை அடையாளமாக வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.