கட்டணம் ஏறியது என்று காப்புறுதியைக் குறைத்துவிடாதே

தங்கச்சி, உன் கேள்வியைப் படித்தேன். கல்யாணமாகி தஞ்சாவூரிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட் வந்திருக்கிறாய். பக்கத்து வீட்டுக்காரரிடம் அவருடைய பழைய மைவி காரை வாங்கினாய். அவர் கட்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உன்னிடம் காப்புறுதிக்கு, அதாவது இன்சூரன்ஸுக்கு, கேட்கிறார்கள். வீட்டுக் காப்புறுதியும் இந்த வருஷம் ஏறிவிட்டது. காருக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டு, வீட்டுக்குக் காப்புத்தொகையைப் பாதியாக்கலாமா என்கிறாய். கூடவே மலாய் படிக்க வேண்டுமா, பொன்னி அரிசி எங்கே கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறாய். அரிசி கடைத்தெருவில் கிடைக்கும். மலாய் கட்டாயம் படி, ஏன் என்று பிறகு சொல்கிறேன். எனக்குச் சொல்ல நிறைய இருப்பது காப்புறுதியைப் பற்றித்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் குறைவாகக் கட்டியதற்குக் காரணம் என்சிடி, அதாவது கிளெய்ம் செய்யாதவருக்குத் தரும் கழிவு. ஒரு வருஷம் கிளெய்ம் எதுவும் செய்யாமல் ஓட்டினால் 25 விழுக்காடு கழிவு. அப்புறம் 30, 38.33, 45, ஐந்தாம் வருஷம் 55. அந்தக் கழிவு ஆளுக்கு உரியது, காருக்கு இல்லை. கார் உன் பெயருக்கு மாறியதும் நீ பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறாய், அவர் தன் 55-ஐத் தன் அடுத்த காருக்குக் கொண்டுபோய்விடுவார். உன்னை யாரும் ஏமாற்றவில்லை. ஒழுங்காக ஓட்டு, அடுத்த வருஷமே கால் பங்கு குறையும். இதில் அரசாங்க வரியும் சேர்கிறது. 2024 மார்ச்சிலிருந்து சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆகிவிட்டது.

இந்தக் கழிவைப் பொன்னாகப் பார்த்துக்கொள். முழுக் கட்டணம் 1,500 வெள்ளி (ரிங்கிட்) என்று வை. 55 விழுக்காடு கழிவு 825 வெள்ளி. பின்பக்கம் நசுங்கியதற்குப் பட்டறையில் 600 வெள்ளி கேட்கிறார்கள் என்று கிளெய்ம் செய்தால், அடுத்த வருஷம் அந்த 825-ம் போய்விடும். அதை உன் கைக்காசில் சரிசெய்வதே லாபம். வேறொருவன் வந்து இடித்தால் கதை வேறு. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் போடு. தப்பு அவன்மேல் என்றால், முழுக்காப்பு (தன் காரின் சேதத்துக்கும் சேர்த்த பாலிசி) வைத்திருப்பவர் தன் கம்பெனியிலேயே கிளெய்ம் செய்தாலும் என்சிடி போகாத வழி இருக்கிறது. அதைச் சொல்லிக் கேள், கேட்காவிட்டால் பல பேர் சொல்ல மாட்டார்கள்.

தேர்ட் பார்ட்டி மட்டும் போடாதே. நீ இடித்தவருக்கு அவர்கள் பணம் கொடுப்பார்கள், உன் காருக்கு ஒரு காசு வராது. கார் திருடு போனாலும் வராது. குறைக்க வேண்டும் என்றால் விசாரித்துக் குறை. 2017 ஜூலை 1 முதல் முழுக்காப்புக்கு எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விலை என்பது போய்விட்டது. அதே காருக்கு, அதே ஆளுக்கு, நான்கு இடத்தில் கேட்டால் நான்கு விலை வரும். தக்காஃபுல் என்ற இஸ்லாமிய முறைக் காப்புறுதித் திட்டங்களையும் கேள், முஸ்லிம் அல்லாதவர்களும் சேரலாம். ஏஜெண்டு இல்லாமல் நேராக ஆன்லைனில் வாங்கினால் 10 விழுக்காடு குறைத்துத் தரும் கம்பெனிகள் உண்டு.

உன் கணவர் பெயரைக் கட்டாயம் பாலிசியில் சேர். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்தானால் முதல் 400 வெள்ளி உன் தலையில். நீ புதிதாக லைசென்ஸ் எடுத்து, புது ஓட்டுநருக்கான ‘பி’ எழுத்தைக் காரில் ஒட்டி ஓட்டினாலும் அதே 400. முன்கண்ணாடிக் காப்பையும் விடாதே. அதற்கு வழக்கமான கட்டணம் கண்ணாடி விலையில் 15 விழுக்காடு, கிளெய்ம் செய்தாலும் என்சிடி குறையாது. நம் பக்கத்துச் சாலையில் செம்பனைக் குலை (பாமாயில் எடுக்கும் பழக்குலை) ஏற்றிய லாரிக்குப் பின்னால் போய்ப் பார், நான் சொல்வது புரியும். வெள்ளத்துக்கும் தனியாகக் கட்ட வேண்டும், சாதாரண முழுக்காப்பில் வெள்ளம் சேராது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை வரை மூழ்கிய கார்களின் சொந்தக்காரர்களில் எத்தனையோ பேருக்கு அன்றுதான் இது தெரிந்தது.

நம் ஊர்க்காரர்கள் செய்யும் ஒன்று எனக்கு ஆகவே ஆகாது. இங்கே வந்ததும் நண்பர் பெயரில் காரை வாங்கி, காப்புறுதியையும் அவர் பெயரிலேயே போட்டு வருஷக்கணக்கில் ஓட்டுவார்கள். கழிவு சேர்வது நண்பருக்கு. கிளெய்ம் பணம் வந்தாலும் நண்பருக்கு. இன்னும் சிலர் கூட வேலை செய்பவர்களைத் தினமும் பேக்டரிக்கு ஏற்றிப்போய் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். சொந்த உபயோகப் பாலிசியில் வாடகைக்கு ஓட்டினால் கம்பெனி கைவிரித்துவிடும். சொன்னால், நம்ம ஆளுங்க குரூப்பில் கேட்டேன், பரவாயில்லை என்றார்கள் என்று பதில். பாலிசியைப் படிக்காத பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் அது உண்மையாகிவிடுமா?

வீட்டு விஷயம் எனக்கு இன்னும் நெருக்கம். நான் பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து 1994-இல் இங்கே மருமகளாக வந்தபோது ரப்பர் தோட்டத்து லயத்தில்தான், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், குடியிருந்தோம். மாமியாரும் மாமனாரும் விடிவதற்குமுன் பால் வெட்டப் போய்விடுவார்கள். யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் வாசலில் உட்கார்ந்திருப்பேன். வீடு தோட்டத்துடையது. மழையில் கூரைத் தகரம் பறந்தால் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் சொல்ல வேண்டும், அவர் ஆள் அனுப்பும்வரை காத்திருக்க வேண்டும். காப்புறுதி என்ற பேச்சே கிடையாது. பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், ஆட்கள் குறைந்தார்கள், லயத்துச் சனம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்தது. அப்போதுதான் வங்கிக் கடனும் தீக் காப்புறுதியும் எங்கள் வாழ்க்கையில் நுழைந்தன. வந்த கடிதமெல்லாம் மலாய், இல்லாவிட்டால் ஆங்கிலம். அகராதியை வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். சந்தையில் மீன் விற்கும் மலாய் அக்காவிடம் பேசிப் பேசி மொழியைப் பிடித்தேன். இன்று என் வரிசையில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். மலாய் படி என்று சொன்னது இதற்காகத்தான்.

எங்களுக்கு மூன்று வீடு தள்ளி, பின்னால் பலகை போட்டு நீட்டிய அடுப்படியில் ஒரு நாள் தீப்பிடித்தது. வங்கி போட்டிருந்த தீக் காப்புறுதி கட்டிடத்துக்கு மட்டும். அந்த அம்மாவின் தையல் மெஷின், பீரோ, பிள்ளைகளின் துணிமணி எதற்கும் எதுவும் கிடைக்கவில்லை. வீட்டுக் கட்டிடத்துக்கு ஒரு பாலிசி, உள்ளே இருக்கும் சாமான்களுக்கு வேறொன்று. உன்னிடம் இருப்பது எது என்று முதலில் பார்.

தொகையைப் பாதியாக்கலாமா என்றாயே, அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. வீட்டைத் திரும்பக் கட்ட இரண்டு லட்சம் வெள்ளி ஆகும் என்று வை. நீ ஒரு லட்சத்துக்குப் போடுகிறாய். தீயில் 40,000 வெள்ளிக்குச் சேதம். ஒரு லட்சம் இருக்கிறதே, முழுதாக வரும் என்று நினைப்பாய். வராது. பாதிக்குத்தான் காப்பு போட்டாய் என்று 20,000 தருவார்கள். இதை எத்தனை பேருக்குச் சொல்லியும் மண்டையில் ஏறுவதில்லை. அதேபோல் வீட்டின் விற்பனை விலைக்கும் போடாதே, அதில் நிலத்தின் விலையும் இருக்கிறது. நிலம் எரியாது. திரும்பக் கட்ட எவ்வளவு ஆகுமோ அந்தத் தொகை போதும். உனக்குக் கட்டணம் ஏறியது இந்தக் கணக்கு தப்பாக இருப்பதாலும் இருக்கலாம்.

அப்புறம், நம்ம ஊர்க்காரர் என்று கோயிலில் பழகி, ரொக்கமாகப் பணம் வாங்கிக்கொண்டு வெறும் ரசீதுத் தாள் கொடுக்கும் ஆளிடம் கட்டாதே. எங்கள் தாமானிலேயே அப்படி வீட்டுக் காப்புறுதிக்குக் கட்டியவர்களுக்குப் பாலிசி வரவே இல்லை. பணம் கம்பெனி பெயருக்குப் போகட்டும், பாலிசி எண் வந்ததும் கம்பெனிக்கு நீயே போன் செய்து சரிபார்.

இரண்டு பாலிசியிலும் அட்டவணை என்று ஒரு பக்கம் இருக்கும். காப்புத்தொகை, என்சிடி, சேர்த்த பெயர்கள் எல்லாம் அதில்தான். பாஸ்போர்ட் எண்ணை மறைத்துவிட்டு அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பு. உன் வீட்டின் பின்பக்கம் நீட்டிக் கட்டியிருக்கிறதா என்பதையும் எழுது, அதை வைத்துத்தான் தொகை சரியா என்று சொல்ல முடியும்.