கிணற்றில் விழுந்த மாத்திரைகளுக்கு அடுப்புக்கரி போதுமா?

கேள்வி: காலமான என் கணவரின் மாத்திரைகளைக் காலாவதியாகிவிட்டன என்று பேரன் கொல்லைக் கிணற்றில் கொட்டிவிட்டான். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் 500 மி.கி. 40 மாத்திரை, வலிக்கான டைக்ளோஃபெனாக் 50 மி.கி. 30 மாத்திரை. கிணறு 10 அடி விட்டம், 8 அடித் தண்ணீர். விஷயம் தெரியாமல் 2 நாள் குடித்துவிட்டோம். அடுப்புக்கரி போட்டால் சரியாகுமா? — ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் கிணற்றில் ஏறக்குறைய 17,800 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. மெட்ஃபார்மின் முழுவதும் கரைந்து கலந்திருந்தாலும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் சொச்சம்தான். ஒரே ஒரு மாத்திரையின் அளவு உடம்புக்குள் போக 400 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். டைக்ளோஃபெனாக் அதைவிடவும் குறைவு. குடித்ததை நினைத்துக் கலங்காதீர்கள். ஆனால் இனிமேல் குடிக்க வேண்டாம். மாத்திரை அடிச்சேற்றில் கிடந்தால் அங்கே மருந்து கூடுதலாக இருக்கும்.

அடுப்புக்கரி உதவாது. அதன் நுண்துளைகள் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரியை 800 டிகிரிக்கு மேல் நீராவியில் வாட்டித் துளைகளைத் திறந்தால்தான் அது மருந்தைப் பிடிக்கும் செயலூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்). அதில் ஒரு கிராமுக்குள் விரிந்திருக்கும் பரப்பு சுமார் கால் ஏக்கர்! டைக்ளோஃபெனாக் போன்ற, தண்ணீரோடு அவ்வளவாக ஒட்டாத மருந்துகள் அந்தச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்ளும். மெட்ஃபார்மின் தண்ணீரை விட்டு எளிதில் பிரியாது. நல்ல கரியிலும் பெரும்பகுதி நழுவிவிடும். ஸ்டைரீன் பாலிமர் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக் மணிகளும் இதே வேலையைச் செய்கின்றன. அவற்றைச் சாராயக் கரைப்பானில் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது வசதி. ஆனால் அது ஆலைக்கும் ஆய்வகத்துக்கும் உரிய முறை, வீட்டுக் கிணற்றுக்கு அல்ல. வீட்டு வடிகட்டியிலுள்ள கரியும் நிரம்பியதும் பிடிப்பதை நிறுத்திவிடும், பார்த்தால் தெரியாது. காய்ச்சினாலும் மருந்து போகாது, தண்ணீர்தான் வற்றும்.

கிணற்றை முழுவதும் இறைத்து, அடிச்சேற்றை வாரிவிடுங்கள். ஊறியதும் இன்னொரு முறை இறையுங்கள். அந்தத் தண்ணீரை ஊருணிப் பக்கம் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஊரே புழங்கும் நீர் அது. அதுவரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர். மிச்சமிருக்கும் மாத்திரைகளை உறையில் கட்டி, வீட்டின் அபாயக் கழிவு என்று சொல்லித் துப்புரவுப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். பேரனைத் திட்ட வேண்டாம். கிணறு இறைக்கும்போது பக்கத்தில் நிறுத்தி, ஏன் என்று சொல்லிக் கொடுங்கள்.