ஆக்சிஜன் 21 சதவீதம் இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றலாமா?

கேள்வி: அறிவியல் சிறுகதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறு பேர் ஒரு புதிய கிரகத்தில் இறங்குகிறார்கள். ஏரி, பசுமையான பள்ளத்தாக்கு, இதமான குளிர். ஆக்சிஜன் 21 சதவீதம் என்று கருவி காட்டுகிறது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஏரிக்கரையில் கூடாரம் போடுகிறார்கள். விடியும்போது ஒருவர்தான் மிச்சம். ராட்சத மிருகம், மர்மக் கிருமி எதுவும் வேண்டாம். அறிவியலுக்கு ஒத்துவரும் காரணம் சொல்ல முடியுமா?

பதில்: கிருமியை ஒதுக்கியது நல்லது. நம் செல்களோடு எந்த உறவும் இல்லாத உலகத்து வைரஸ் நமக்குள் வந்து பெருகும் வாய்ப்பு மிகக் குறைவு. உங்களுக்கு வேண்டிய வில்லன் அந்த 21-லேயே இருக்கிறது.

எவரெஸ்ட் உச்சியிலும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட 21 சதவீதம்தான். காற்றழுத்தம் மூன்றில் ஒரு பங்காகிவிடுவதால்தான் மூச்சு முட்டுகிறது. சதவீதத்தை மட்டும் பார்த்து ஹெல்மெட்டைக் கழற்றும் விண்வெளி வீரரை எந்த வாசகரும் நம்பமாட்டார். அழுத்தத்தையும் பார்க்கட்டும், அதுவும் சரியாகவே இருக்கட்டும். அவர்கள் கோட்டைவிட வேண்டியது மீதி 79-இல்.

நாம் சுவாசிக்கும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம். அது 10 சதவீதமானால் மனிதர் சில நிமிடங்களில் மயங்கிவிடுவார். அப்போதும் ஆக்சிஜன் கருவி கிட்டத்தட்ட 19 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும்!

இது பூமியிலேயே நடந்திருக்கிறது. கேமரூன் நாட்டில் எரிமலை வாய் ஒன்றில் அமைந்த நியோஸ் ஏரி பார்க்க அவ்வளவு அழகு. அடியாழத்து நீரில் கரைந்து சேர்ந்திருந்த கார்பன் டை ஆக்சைடு 1986 ஆகஸ்ட் 21 இரவு மொத்தமாகப் பொங்கி வெளியேறியது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் பள்ளத்தாக்குகள் வழியே தரையோடு தரையாக ஓடி, தூரத்துக் கிராமங்கள் வரை சென்றது. சுமார் 1,700 பேர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கான கால்நடைகளும். மயங்கிக் கிடந்து பல மணி நேரம் கழித்துக் கண்விழித்தவர்களும் உண்டு. உங்கள் ஆறாவது ஆளை இப்படிப் பிழைக்க வைக்கலாம்.

கிரகத்துக்கும் இது பொருந்தும். தன் சூரியனிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் கிரகம் உறையாமல் இருக்க, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு வேண்டும். எரிமலைகள் அதைக் கக்கிக்கொண்டே இருக்கின்றன என்று வைத்தால், இதமான குளிருக்கும் சாவுக்கும் காரணம் ஒன்றே ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. கார்பன் டை ஆக்சைடு பரவும்போது விழித்திருப்பவர்கள் 'ஒன்றுமே தெரியாமல்' சாய்ந்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். அது ரத்தத்தில் ஏறினால் மூளை உடனே கண்டுகொள்ளும். மூச்சிரைக்கும், தலை வலிக்கும், பதற்றம் வரும். அறிகுறியே இல்லாத மரணம்தான் வேண்டும் என்றால் நைட்ரஜனைப் பயன்படுத்துங்கள். நைட்ரஜன் கூடினால் ஆக்சிஜன் குறையும், அதை உடல் லேசில் உணராது. 1981 மார்ச்சில், கொலம்பியா விண்ணோடம் முதல்முறை பறப்பதற்கு முன்பு, நைட்ரஜன் நிரம்பியிருந்த அதன் பின்பகுதிக்குள் போன ஊழியர்கள் அப்படித்தான் மயங்கி விழுந்தார்கள், உயிரும் போனது. ஆனால் உங்கள் கதையில் ஆக்சிஜன் கருவி இருப்பதால் இந்த வழியில் உடனே மாட்டிக்கொள்வீர்கள்.

செவ்வாய் மண்ணில் உள்ள பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு, சிவப்புக் குறுவிண்மீன்கள் எனப்படும் சிறிய, மங்கலான விண்மீன்களின் கதிர்வீச்சு வெடிப்புகள் என்று வேறு ஆபத்துகளும் இருக்கின்றன. எதுவும் ஒரே ராத்திரியில் ஐந்து பேரைக் கொல்லத் தோதாக இல்லை.

அப்புறம், கருவியை எங்கே பொருத்துகிறீர்கள் என்பது முக்கியம். இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே 'நாய்க்குகை' என்று ஒன்று உண்டு. தரையோடு தங்கும் கார்பன் டை ஆக்சைடில் நாய் மயங்கிவிடும். கூட நிற்கும் மனிதருக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் காலத்தில் பயணிகளுக்கு இதைக் காட்டிக் காசு பார்த்தார்கள் (பாவம் நாய்கள்). ஆகவே வாயு உணரியை விண்கலத்தின் உச்சியில் வையுங்கள். காற்றில்லாத இரவு, கூடாரத்தில் ஐந்து பேர் படுத்திருக்க, ஆறாவது ஆளுக்கு மேட்டில் காவல் வேலை கொடுங்கள். அவர் நடுராத்திரி இறங்கி வந்து, அவர்களை எழுப்பக் குனியும்போது மூச்சிரைக்கத் தொடங்கட்டும்.