பூசாத சுவரில்தான் கொத்தனார் தெரிவார்

கேள்வி: இன்றைய இந்தியக் கட்டடங்களில் கைவேலைக்கு நிஜமாகவே இடம் இருக்கிறதா, இல்லை அது வசதியானவர்களின் அலங்காரம் மட்டும்தானா?

இரண்டும் உண்டு. கட்டட வேலைகளில் மேற்பார்வை பார்ப்பவன் என்ற முறையில் நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: அந்தக் கைவேலையை உரித்து எடுத்தால் கட்டடத்துக்கு ஏதாவது ஆகுமா? காபி கடைகளில் 'செங்கல் சுவர்' என்று பல இடங்களில் இருப்பது அரை அங்குலச் சில்லை ஒட்டிய வேலை. பெயர்த்தால் பின்னால் ஹாலோ பிளாக். திருவனந்தபுரத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கட்டிய சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் வளாகத்தில் செங்கல்லை எடுத்தால் கட்டடமே இல்லை.

பேக்கர் நம் நாட்டில் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' (rat-trap bond) முறையையே எடுத்துக்கொள்வோம். செங்கல்லைப் படுக்க வைக்காமல் ஓரத்தில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கு நடுவே இடைவெளி விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவருக்குக் கால்வாசிச் செங்கல் மிச்சம், கலவையும் குறையும், நடுவில் நிற்கும் காற்று வெயிலின் சூட்டைத் தடுக்கும். கணக்கு எளிது, கட்டுவதுதான் சிரமம். கரண்டியில் கலவை ஜாஸ்தியாக எடுத்தால் வழிந்து குழிக்குள் விழும்; குழி அடைபட்டால் கட்டின் பயனே போச்சு. அளவு முன்னப்பின்ன இருக்கும் கல்லைக் குவியலிலேயே கழிக்க வேண்டும். கலவை இறுகுவதற்குள் இணைப்பைச் சுரண்டி ஒழுங்கு செய்ய வேண்டும். பூச்சு வரப்போகும் சுவரில் இந்தக் கவலை எதுவும் கிடையாது. தூக்குக்குண்டு கால் அங்குலம் விலகினாலும் 'பூச்சுல சரி பண்ணிக்கலாம் சார்' என்று மேஸ்திரி சொல்வார், பண்ணியும் விடுவார். என்னைக் கேட்டால், நம் ஊரில் நல்ல கொத்துவேலை குறைந்துபோனதில் சிமென்ட் பூச்சுக்கு முக்கியப் பங்கு உண்டு.

ஆரோவில்லில் கட்டடக்கலைஞர் அனுபமா குண்டூ 2000-இல் முடித்த 'வால் ஹவுஸ்' வீடு இன்னும் கறாரான வேலை. வட்டாரச் சூளையில் சுடும் 'அச்சுக்கல்' என்ற மெல்லிய செங்கல்லில் எழுப்பிய சுவர் அது. கல் மெலிந்தால் சுவரில் வரி (செங்கல் அடுக்கு) கூடும். வழக்கமான செங்கல்லைவிட இரண்டு மடங்குக்கு மேல் வரி. வரிக்கு வரி மட்டம் பார்த்தாக வேண்டும். 2012-இல் வெனிஸ் பியனாலே கட்டடக்கலைக் கண்காட்சியில் அந்த வீட்டை முழு அளவில் மறுபடி கட்டிக் காட்டினார்கள். இங்கிருந்து போன கைவினைஞர்கள் மாணவர்களோடு சேர்ந்து கட்டியது. வரைபடம் மட்டும் போயிருந்தால் பாதிதான் போயிருக்கும்.

கட்டடக்கலைஞர் பிஜோய் ஜெயினின் 'ஸ்டுடியோ மும்பை' நிறுவனம் அலிபாக் பக்கம் 2007-இல் கட்டிய பால்மைரா ஹவுஸும் என் சோதனையில் தேறும். வீட்டைச் சுற்றிலும் வெயிலை மறைத்துக் காற்றை விடும் பனஞ்சட்டங்கள். பனங்கை போட்ட ஓட்டு வீடுகளை நாம் இடித்துக்கொண்டிருந்த காலத்தில், உலகப் பத்திரிகைகள் அந்தப் பனைமரத்தைப் படம் எடுத்துப் போட்டன! அகமதாபாத்தில் கட்டடக்கலைஞர் பி. வி. தோஷியின் சங்கத் அலுவலகக் கூரை முழுக்க உடைந்த பீங்கான் ஓட்டுச் சில்லு. வெயிலைத் திருப்பி அனுப்பும், வெட்டாமலே வளைவில் உட்காரும். சில்லு சில்லாகப் பொறுக்கி ஒட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

என் சோதனை தோற்கும் இடம், தரையில் பதிக்கும் செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல். தரையைப் பெயர்த்தாலும் வீடு நிற்கும். இருந்தாலும் அதை அலங்காரம் என்று ஒதுக்க மனம் வரவில்லை. கண்ணாடித் துண்டின் மேல் சட்டம், அதற்குள் பூ அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமென்ட் கூழை ஊற்றி, அச்சை நேராகத் தூக்குவார்கள். கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளுக்குள் இறங்கிவிடும். மேலே உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, கலவை போட்டு மட்டம் தட்டித் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். சூளையே கிடையாது. கண்ணாடி கழலும்போது அதன் வழவழப்பு கல்லில் வந்திருக்கும். துடைக்கத் துடைக்க இன்னும் ஏறும். 'ஆத்தங்குடி டிசைன்' என்று செராமிக்கில் பிரிண்ட் போட்டு விற்பது வேறு சரக்கு. கடையில் திருப்பிப் பாருங்கள், சிமென்ட் இல்லாத முதுகே காட்டிக்கொடுத்துவிடும்.

சாதாரண வீட்டில் இதெல்லாம் ஏன் வருவதில்லை? பொருள் தட்டுப்பாடு அல்ல, சதுர அடி ரேட். வேகமாக முடிப்பவருக்குத்தான் அதில் லாபம். நிதானமாக வரி பிடிப்பவருக்குக் கூலி நஷ்டம். பூச்சு இல்லாத வீடு கேட்கும் உரிமையாளர்கள் பெரும்பாலும் 'பூச்சுக் காசு மிச்சம்தானே, ரேட்டைக் குறைங்க' என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

அதனால் நீங்கள் கட்டப்போகிறீர்கள் என்றால், தெரியும் சுவர்களை மட்டுமாவது சதுர அடிக் கணக்கிலிருந்து விலக்கி நாள் கூலிக்கு விடுங்கள். ஆளை உறுதி செய்யுமுன் இடுப்பளவு மாதிரிச் சுவர் ஒன்று கட்டச் சொல்லுங்கள், அதற்கும் கூலி கொடுங்கள். பிடித்திருந்தால் வேலை முடியும்வரை இடிக்காதீர்கள்; நடுவில் கொத்தனார் மாறினால், புது ஆளுக்குக் காட்ட அது வேண்டும்.