பிச்சையும் குப்பம்மாளும் எங்கே போனார்கள்?

கேள்வி: எங்கள் தெருவின் வாக்காளர் பட்டியலில் முதியவர்கள் பிச்சை, குப்பம்மாள், போதும்பொண்ணு என்றும், நடுவயதினர் அறிவழகன், தமிழ்ச்செல்வி என்றும், இளைஞர்கள் ஹரிஷ், வர்ஷினி என்றும் இருக்கிறார்கள். இது வெறும் நாகரிக மோகம்தானே?
– வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: மோகமும் உண்டு. ஆனால் மோகம் மட்டுமே காரணமென்றால் உங்கள் பட்டியலின் முதல் வரிசைக்கு விளக்கம் கிடைக்காது. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தங்காமல் போன வீடுகளில், அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தோ, தவிட்டுக்கு விற்று வாங்கியதாகப் பாவனை செய்தோ, எமனும் சீந்தாத பெயராகப் பார்த்து இட்டார்கள். தடுப்பூசியும் மருத்துவமனைப் பிரசவமும் வந்து பிள்ளைகள் தங்கத் தொடங்கியபின் அப்பெயர்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. போதும்பொண்ணு என்பதும், திருத்தணிப் பக்கத்துச் சில ஊர்களில் வழங்கிய ‘வேண்டாம்’ என்பதும், அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்ற வேண்டுதல்கள். அந்தப் பெயர்கள் அருகிவிட்டன. ஆசை அருகியதா என்றால், கருவின் பாலினத்தைத் தெரிவிப்பதைத் தடுக்க 1994-இல் ஒரு சட்டமே தேவைப்பட்டது.

இரண்டாம் வரிசை அரசியல் தந்தது. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம் மறைமலை அடிகளானார். பின்னாளில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. இதன் அருமை, முனியசாமி என்று பெயரிட்டாலும் ஊர்ப் பெரியதனக்காரர்கள் ‘முனியன்’ என்றே கூப்பிட்ட சேரிக் குடும்பங்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். ‘சாமி’ என்ற விகுதிக்கே உரிமை மறுக்கப்பட்டவர்கள், பிள்ளைக்கு அம்பேத்கர் என்றும் லெனின் என்றும் பெயரிட்டதை மோகம் என்று யார் சொல்வார்?

மூன்றாம் வரிசையில் நட்சத்திர எழுத்தும் எண்கணிதமும் சேர்ந்து படுத்தும் பாடு எனக்கும் உவப்பானதன்று. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: பேச்சியம்மாள், மாடசாமி என்றால் வட்டாரமும் குலதெய்வமும், பல நேரங்களில் சாதியும், கேட்பவருக்குப் புலப்பட்டுவிடும், வர்ஷினி என்ற பெயரிலிருந்து எதுவும் புலப்படாது. பெருநகரத்தில் வாடகை வீடு தேடுகிறவர்களுக்கு அது சிறிய நன்மையல்ல.

கேள்வி: பேரனுக்குத் தம் தந்தையின் பெயரையே இட வேண்டும் என்கிறார் என் மாமனார்; கணவரோ புதுப்பெயர் கேட்கிறார். முடிவெடுக்க எவ்வளவு காலம் உண்டு?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முன்பு இதற்கு வீட்டிலேயே ஒரு வழி இருந்தது. மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாத மருமகள், அதே பெயர் தாங்கிய மகனை ‘ராசா’ என்றே அழைத்துக் காலத்தை ஓட்டிவிடுவாள். இன்று சான்றிதழ் அதற்கு இடம் தராது. பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். சேர்த்த பெயரை முழுதாக மாற்றுவதென்றால் அரசிதழ் வரை போக வேண்டிவரும். எனவே மாமனாரும் கணவரும் உடன்படும்வரை பொறுத்திருங்கள். பள்ளிச் சேர்க்கைக்கு முன்பாக மட்டும் முடித்துவிடுங்கள்.