பண்ணைக்குள் இருக்கும் பழைய காட்டை அரசிடம் கொடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: நியூசிலாந்தில் வைகாட்டோ பக்கம் 6 ஹெக்டேர் பண்ணை வாங்கியிருக்கிறோம். ஒரு மூலையில் சுமார் 1 ஹெக்டேர் பழைய காடு. தாவா, டோட்டாரா மரங்கள். மாடுகள் உள்ளே போய் வருகின்றன. அரசிடம் ஒப்படைத்தால்தான் இது நிலைக்குமா?

பதில்: ஒப்படைக்கத் தேவையில்லை. இயற்கைக் காட்சிப் பாதுகாப்புக்கென்று 1903இல் வந்த சட்டத்தின் கீழ் அரசே நிலத்தை வாங்கியது, கட்டாயமாகவும் எடுத்தது. வாங்கானுயி ஆற்றங்கரைக் காடுகள் பல அப்படித்தான் காப்பிடமாயின. அதில் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் இழந்த நிலம் ஏராளம்; அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. 1977இல் வேறு வழி பிறந்தது. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். இரண்டாம் எலிசபெத் தேசிய அறக்கட்டளையுடன் நீங்கள் செய்யும் பாதுகாப்பு உடன்படிக்கை நிலப் பதிவில் ஏறிவிடும். நாளை நிலத்தை யார் வாங்கினாலும் அது அவரையும் கட்டுப்படுத்தும். இத்தகைய உடன்படிக்கைகளில் முதலாவது, 1979இல் உங்கள் வைகாட்டோவிலேயே கோர்டன் ஸ்டீவன்சன் என்ற விவசாயி செய்தது.

அறக்கட்டளையின் வட்டாரப் பிரதிநிதியை அழையுங்கள். அவர் வந்து பார்த்து அறிக்கை தருவார், வாரியம் ஒப்புதல் தரும், பிறகு வேலி, நில அளவை, பதிவு. அடமானக் கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். வேலிச் செலவில் அறக்கட்டளை பெரும்பாலும் ஒரு பங்கு ஏற்கும். களையும் எலியும் உங்கள் பொறுப்பு.

பலர் சறுக்குவது எல்லைக் கோட்டில். கிளை நுனியை ஒட்டி வேலி போட்டால் முறியும் கிளை கம்பியில்தான் விழும், விளிம்பில் கன்று முளைக்கவும் இடமிருக்காது. 3, 4 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். தண்ணீர்க் குழாய், வண்டிப் பாதை, பின்னால் வீடு கட்ட நினைக்கும் இடம் எல்லாவற்றையும் கோடு போடும்போதே வெளியே விடுங்கள். பதிவான பிறகு மாற்றுவது மிகக் கடினம்.

காட்டுக்குள் போய்க் குனிந்து பாருங்கள். மேலே பச்சைக் கூரை இருக்கும். கணுக்காலுக்கும் தோளுக்கும் நடுவே ஒன்றுமே இருக்காது. மாடு கன்றுகளை மேய்ந்துவிட்டால் கிழட்டு மரங்களுக்கு வாரிசு இல்லை. வேலி போட்டதும் மாஹோயி போன்ற சிறு மரங்கள் முதலில் தலைகாட்டும். கூடவே கருமுள்ளிப் பழப் புதரும் விளிம்பில் ஏறும். டிரடெஸ்கான்சியா என்ற படர்களை தண்டின் ஒரு கணு கிடந்தாலும் துளிர்க்கும். வாரிப் பையில் கட்டுங்கள், ஓடையோரம் கொட்டாதீர்கள். எலியையும் பாஸம் (possum) என்ற மரமேறி விலங்கையும் பொறி வைத்துக் குறைக்காவிட்டால் கெரெரு புறாவின் முட்டையும் குஞ்சும் தப்பாது. தாவாவின் பெரிய பழத்தை முழுசாக விழுங்கி விதையைத் தூரத்தில் போடுவது அந்தப் புறாதான்.

அறுத்து விற்க நாட்டு மரம் வெட்டினால் 1949 வனச் சட்டப்படி அனுமதி வேண்டும். நாட்டுப் புதர் நீக்கவும் உள்ளூர் கவுன்சிலைக் கேளுங்கள்.

வாரியம் ஒப்புதல் தரும் முன் நிரந்தர வேலியைப் போட்டுவிடாதீர்கள். வேலிச் செலவில் அறக்கட்டளை தரும் பங்கு கிடைக்காமல் போகலாம். அதுவரை காட்டைச் சுற்றி ஒற்றை மின்கம்பி இழுத்துவிடுங்கள். மாடு நுழையாமலிருக்க அது போதும்.